பெரிய எஸ்யூவியிலிருந்து ஹைபிரிட் குடும்பக் காருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு பேர் உட்காரும் பெரிய பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை ஏழு ஆண்டுகள் ஓட்டினேன். அதை விற்றுவிட்டு, பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் செடான் ஒன்றை வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வண்டி விற்பவன் அல்ல. சொந்தப் பணத்தைப் போட்டு, ஒருமுறைக்குப் பலமுறை கணக்குப் பார்த்து மாறியவன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஏன் விற்றீர்கள்?

ஒரு நோட்டுப் புத்தகம்தான் காரணம். எரிபொருள் செலவு கையைக் கடித்தபோது, முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் பெட்டியில் ஒரு சிறிய நோட்டையும் பேனாவையும் போட்டு வைத்தேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மூன்றே விஷயங்களை எழுத வேண்டும்: எத்தனை பேர் போனோம், என்ன சாமான் ஏற்றினோம், எத்தனை கிலோமீட்டர். மனைவியும் எழுதினார். இரண்டு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், 112 பயணங்களில் 71 முறை வண்டியில் இருந்தது ஒரே ஆள். மூன்றாம் வரிசை இருக்கையை விரித்தது மூன்று முறை. டிக்கி நிரம்பியது இரண்டு முறை. நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் பொத்தானை யாரும் தொடவே இல்லை.

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருளை, பெரும்பாலும் ஒற்றை மனிதரை ஏற்றிச் செல்வதற்காக, நாள் தவறாமல் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு வண்டியை வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

உங்கள் நோட்டில் வேறு கணக்கு வரலாம். அப்படி வந்தால் உங்கள் எஸ்யூவி உங்களுக்குச் சரியான வண்டிதான். எழுதிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். நம் நினைவில் நிற்பது குடும்பமே கிளம்பிப் போன அந்த ஒரு நெடும்பயணம். தினமும் தனியாக அலுவலகம் போய் வந்தது நினைவில் தங்குவதில்லை.

ஹைபிரிட் காருக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். சாதாரண ஹைபிரிட்டில் பெட்ரோல் மட்டுமே நிரப்புகிறோம். பேட்டரிக்கு வேண்டிய மின்சாரத்தை என்ஜினும் பிரேக்கும் காருக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கின்றன.

குழப்பத்துக்குக் காரணம், ஒரே பெயரில் மூன்று வகை வண்டிகள் விற்கப்படுவதுதான். ‘மைல்டு ஹைபிரிட்’ என்பதில், பெரும்பாலும் 48 வோல்ட்டோ அதற்கும் குறைவோ உள்ள ஒரு சிறு மோட்டார் என்ஜினுக்குத் தோள் கொடுக்கும். பொதுவாக அது தனியாகக் காரை ஓட்டாது. ‘முழு ஹைபிரிட்’டில் மோட்டாரே காரைச் சிறிது தூரம் தனியாக ஓட்டும். ‘பிளக்-இன் ஹைபிரிட்’டில் பேட்டரி பெரிது, சுவரில் செருகிச் சார்ஜ் போட்டால் பல கிலோமீட்டர் மின்சாரத்திலேயே போகலாம். சார்ஜ் போடாமலே ஓட்டினால், பெரிய பேட்டரியின் எடையைச் சுமக்கும் பெட்ரோல் கார்தான் அது.

நான் முதலில் பார்க்கப் போன காரின் பின்புறத்தில் ‘ஹைபிரிட்’ என்ற எழுத்துகள் பளபளத்தன. நிற்கும் நிலையிலிருந்து மின்சாரத்தில் மட்டும் நகருமா என்று கேட்டேன். விற்பனையாளர் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கையின் தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நகராது என்று சோதனை ஓட்டத்தில் தெரிந்தது. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: என்ஜின் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் இந்தக் காரை ஓட்டுமா? ‘ஆம்’ என்றால் மேலே பேசுங்கள். இனி இந்தப் பக்கத்தில் ஹைபிரிட் என்று எழுதும்போதெல்லாம் முழு ஹைபிரிட்டையே சொல்கிறேன்.

எரிபொருள் எப்படி மிச்சமாகிறது? பேட்டரி மின்சாரமும் பெட்ரோலிலிருந்துதானே வருகிறது?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. ஆமாம், எல்லா ஆற்றலும் கடைசியில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. வீணாகிக்கொண்டிருந்ததைத் தடுப்பதில்தான் சேமிப்பு இருக்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் 2,200 கிலோ எஸ்யூவியிடம் சுமார் 300 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக் மிதித்தால் அவ்வளவும் பிரேக் தட்டுகளில் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். பச்சை விழுந்ததும் அதே ஆற்றலைப் பெட்ரோல் எரித்து மறுபடி உண்டாக்க வேண்டும். நகரத்தில் ஒரு நாளில் எத்தனை சிக்னல் என்று எண்ணிப் பாருங்கள். ஹைபிரிட்டில் பிரேக்கை மென்மையாக மிதித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தின் வேகத்தை உறிஞ்சிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. முழுவதும் திரும்பி வராது; வழியில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆனாலும் அடுத்த சிக்னல் வரை தள்ளிக்கொடுக்க அது உதவுகிறது. என் காரின் எடை சுமார் 1,500 கிலோ. அதே வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 210 கிலோஜூலுக்குள்தான். அதாவது, ஒவ்வொரு முறையும் வேகமெடுக்க மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் முதலிலேயே குறைவாகப் போதும். ஹைபிரிட் மாயம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பெரிய பகுதி, வெறுமனே எடை குறைந்ததால் வந்தது. இதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அடுத்தது, நிற்கும் நேரம். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது என்ஜின் அணைந்தே இருக்கும். ஏசியின் கம்பிரசரும் பெரும்பாலான ஹைபிரிட்களில் மின்சாரத்தில் ஓடுவதால், என்ஜின் அணைந்தாலும் குளிர் குறையாது.

மூன்றாவதாக, என்ஜினே வேறு மாதிரியானது. பல ஹைபிரிட்கள் அட்கின்சன் சுழற்சி என்ற முறையைப் பின்பற்றுகின்றன. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1880-களில் உருவாக்கியது அது. உறிஞ்சும் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவதால், எரிந்த வாயு விரியும் அளவு அதை அழுத்திய அளவைவிட அதிகமாகிறது. ஒரு துளி பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. இதன் குறை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்பிவிடுகிறது, ஏனென்றால் மின்மோட்டார் முதல் நொடியிலேயே முழு இழுவையைத் தரக்கூடியது. ஒன்றின் பலவீனம் மற்றொன்றின் பலம். இந்தச் சேர்க்கையோடு 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. சிறந்த ஹைபிரிட் என்ஜின்கள் இன்று பெட்ரோலின் ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாற்றுகின்றன.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

என் எஸ்யூவி ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தது. இப்போதைய கார் 20 கொடுக்கிறது. டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பி இதைச் சொல்லவில்லை. தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்த கணக்கு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். முன்பு சுமார் 1,670 லிட்டர், இப்போது 750. ஆண்டுக்கு 900 லிட்டருக்கு மேல் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆகவே எங்கள் குடும்பம் மட்டும் ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல் குறைவாக வெளியிடுகிறது.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியிலிருந்து 10 கொடுக்கும் வண்டிக்கு மாறுவது பெரிதா, 20 கொடுப்பதிலிருந்து 25 கொடுப்பதற்கு மாறுவது பெரிதா? பலரும் இரண்டாவது என்பார்கள். 10,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். முதலாமவர் 1,250 லிட்டரிலிருந்து 1,000 லிட்டருக்கு இறங்குகிறார், மிச்சம் 250. இரண்டாமவர் 500-லிருந்து 400-க்கு இறங்குகிறார், மிச்சம் 100 தான். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் இந்த மயக்கத்தைப் பற்றி 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பல நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள்; அதில் இந்த மயக்கம் வராது. நீங்களும் அப்படியே கணக்கிடுங்கள். அதிகம் குடிக்கும் வண்டியைக் கைவிடுவதில்தான் பெரிய லாபம். 20 கொடுக்கும் காருக்கும் 23 கொடுக்கும் காருக்கும் நடுவே தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையில் ஹைபிரிட்டுக்குப் பயனில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரே வேகத்தில் பிரேக் மிதிக்காமல் போனால் திரும்பப் பெற ஆற்றலே இல்லை. அங்கே எதிரி காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது: 80-இல் போவதைவிட 110-இல் போகும்போது அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். அதனால் என் காரின் மைலேஜ் நகரத்தைவிட நெடுஞ்சாலையில் சற்றுக் குறைவு. முன்பு இருந்ததற்கு நேர் எதிர்.

ஆனால் ஒப்பிட வேண்டியது எஸ்யூவியோடு அல்லவா? உயரமான, அகலமான முகப்பு காற்றைச் சுவர்போல் தள்ளிக்கொண்டு போகும். தாழ்வான காருக்கு அந்தச் சுமை இல்லை. ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணான காற்றிழுவைக் கெழு, நான்காம் தலைமுறை பிரியஸில் 0.24 வரை இறங்கியது. ஆகவே நெடுஞ்சாலையில் கிடைக்கும் மிச்சத்துக்குக் காரணம் பேட்டரி அல்ல, காரின் வடிவம்.

உங்கள் ஓட்டம் முக்கால்வாசி நெடுஞ்சாலை என்றால், அதிலும் இப்போது வைத்திருப்பது டீசல் வண்டி என்றால், நான் சொன்ன அளவு வித்தியாசம் உங்களுக்குக் கிடைக்காது. நல்ல டீசல் என்ஜின் நீண்ட ஓட்டத்தில் சிக்கனமானது. ஹைபிரிட் இல்லாத ஒரு சாதாரணச் சிறிய காரே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

கூடுதலாகக் கொடுக்கும் விலை ஈடாகுமா?

கூடுதல் விலையைப் பணமாகப் பார்க்காமல் லிட்டராக மாற்றுங்கள். ஒரே காரின் பெட்ரோல் வடிவம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், ஹைபிரிட் வடிவம் 20 என்று வைத்துக்கொள்வோம். 15,000 கிலோமீட்டருக்கு 1,000 லிட்டர், 750 லிட்டர். ஆண்டுக்கு 250 லிட்டர் மிச்சம். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் 1,500 லிட்டர் பெட்ரோல் வாங்க முடியுமென்றால், ஆறு ஆண்டுகளில் ஈடாகும். 4,000 லிட்டர் வாங்க முடியுமென்றால் பணக் கணக்கில் அது கட்டுப்படியாகாது.

எஸ்யூவியோடு ஒப்பிட்டு, ‘900 லிட்டர் மிச்சம், அதனால் ஹைபிரிட் வாங்கினேன்’ என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்த 900-இல் 650-க்கும் மேல், எந்தச் சாதாரணக் காருக்கு மாறியிருந்தாலும் கிடைத்திருக்கும். பெரிய வண்டியிலிருந்து இறங்குவது முதல் முடிவு. ஹைபிரிட்டா இல்லையா என்பது இரண்டாவது. இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். நான் ஹைபிரிட்டைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஓட்டம் பெரும்பாலும் நகர நெரிசலில் என்பதால்.

பேட்டரி போய்விட்டால் கார் விலை ஆகுமாமே?

இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. என்னையும் ஓராண்டு தடுத்தது.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறை பிரியஸின் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 28 தொகுதிகள் (ஒன்றோடொன்று இணைத்த சிறு பேட்டரிகள்), மொத்தம் 201.6 வோல்ட், கொள்ளளவு சுமார் 1.3 கிலோவாட் மணி. முழு மின்காரில் 50, 60, 80 கிலோவாட் மணி இருக்கும். அத்தனை சிறியது இது. அடுத்து, அதை முழுவதும் நிரப்புவதும் இல்லை, முழுவதும் காலிசெய்வதும் இல்லை. கிட்டத்தட்ட 40-க்கும் 80-க்கும் இடைப்பட்ட சதவீதத்திலேயே காரின் கணினி அதை வைத்திருக்கும். செல்பேசியை நாம் பூஜ்யம் வரை வடியவிட்டு நூறு வரை ஏற்றுவதுபோல் இங்கே நடப்பதில்லை. ஹைபிரிட் பேட்டரி பல ஆண்டுகள் உழைப்பதற்கு இது முக்கியக் காரணம். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. உங்கள் நாட்டில் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் பெரிய எதிரி சூடு. பல கார்களில் பின்னிருக்கையின் அடியிலோ பக்கத்திலோ ஒரு சிறிய காற்றுத்துளை இருக்கும். அதன் வழியாக ஒரு விசிறி உள்ளறையின் குளிர்ந்த காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கும். எங்கள் காரில் முதல் ஆண்டு முடிந்ததும் அந்தத் துளையின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வடிகட்டி சாம்பல் நிறக் கம்பளிபோல் இருந்தது. தலைமுடி, பிள்ளைகள் போர்த்திக்கொள்ளும் போர்வையின் நூல், வண்ணப் பென்சில் சீவிய சுருள் ஒன்று. தட்டிச் சுத்தம் செய்து மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டு, பிறகு பேட்டரி சரியில்லை என்று நொந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துளையின் மேல் பையையோ போர்வையையோ வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம். மகள் அதற்கு ‘கார் மூக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பேட்டரி பழுதானால் முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்றால், தொகுதியை மட்டும் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அது தற்காலிகத் தீர்வு என்றே நினைக்கிறேன். ஒன்று தளர்ந்தால் அதே வயதுள்ள மற்றவையும் பின்னாலேயே தளரும்.

குடும்பம் முழுவதும் இதில் அடங்குமா?

பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அவ்வப்போது என் மாமியார். ஐந்து பேர். அடங்குகிறது, ஆனால் அளந்து பார்த்த பிறகே வாங்கினோம்.

குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். பின்னிருக்கையில் இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிய பிறகு நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பெல்ட்டைக் கொக்கியில் மாட்ட முடிகிறதா? பல கார்களில் முடியாது. ‘ஐந்து இருக்கை’ என்ற சொல் இதற்கு உத்தரவாதம் தராது. டிக்கியையும் லிட்டர் கணக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டின் பெரிய பெட்டியையும் தள்ளுவண்டியையும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். சில ஹைபிரிட்களில் பேட்டரி டிக்கியின் இடத்தைத் தின்றிருக்கும். சிலவற்றில் மாற்றுச் சக்கரமே இராது. தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தாழ்வான இருக்கை உண்மையிலேயே சிரமம். மாமியார் எஸ்யூவியில் பக்கவாட்டுப் படியில் கால் வைத்து ஏறுவதற்குச் சிரமப்பட்டார். செடானில் இறங்கி எழுவதற்குச் சிரமப்படுகிறார். இருக்கையின் உயரம் அவரவர் இடுப்பின் உயரத்தை ஒட்டி இருப்பதே நல்லது. வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் அழைத்துப்போய் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். இப்போது முன்னிருக்கையை அவருக்காக உயர்த்தி வைக்கிறோம்.

ஆறு, ஏழு பேர் தினமும் போவதாக இருந்தால் ஹைபிரிட் வேனைப் பாருங்கள். டொயோட்டா சியன்னா போன்றவை ஹைபிரிட்டாகவே வருகின்றன. மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் உண்மையாகவே உட்கார, பல எஸ்யூவிகளைவிட வேன் வசதியானது.

பெரிய வண்டிதானே பாதுகாப்பு?

பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் எடை கூடியதில் இருப்பவர்களுக்கு இயற்பியல் சாதகமாக இருக்கும் என்பது உண்மை. மறைப்பதற்கில்லை. ஆனால் விபத்து என்பது அந்த ஒரே வகை அல்ல. உயரமான வண்டியின் எடைமையம் உயரத்தில் இருப்பதால் உருளும் வாய்ப்பு அதிகம். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்கள் வந்த பிறகு அது பெரிதும் குறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை. எடை கூடிய வண்டி நிற்பதற்கு அதன் பிரேக்கும் டயரும் அதிகம் உழைக்க வேண்டும்.

இன்னொன்று, வெளியே இருப்பவர்களின் பாதுகாப்பு. என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு நாள் எஸ்யூவியின் முன் பம்பரை ஒட்டி உட்கார்ந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். வண்டியைக் கிளப்பவில்லை; அவன் எழுந்து நின்றபோதுதான் உச்சந்தலை மட்டும் பானட்டுக்கு மேலே தெரிந்தது. கை கால் நடுங்கிவிட்டது. இப்போதைய காரில் முன்னால் இருக்கும் தரை அதைவிட நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த வண்டியானாலும் கிளம்பும் முன் ஒரு சுற்று நடந்து பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

வாங்கும் முன் அந்தக் காரின் மோதல் சோதனை முடிவைப் பாருங்கள். நட்சத்திர எண்ணிக்கையோடு, எந்த ஆண்டுச் சோதனை என்பதையும் பாருங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகின்றன.

பள்ளம், மேடு, தேங்கிய தண்ணீர்?

தரை இடைவெளி குறைவுதான். வேகத்தடையில் மெதுவாக, சற்றுச் சாய்வாக ஏற வேண்டியிருக்கிறது. மோசமான மண்சாலையே தினசரிப் பாதை என்றால் செடான் வேண்டாம். தேங்கிய தண்ணீரைப் பொறுத்தவரை, உயர் மின்னழுத்தப் பகுதிகள் நன்கு மூடப்பட்டிருக்கும். ஆனாலும் ஆழம் தெரியாத தண்ணீரில் எந்தக் காரையும் இறக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கிய ஹைபிரிட்டை நீங்களாகக் கிளப்பிப் பார்க்காதீர்கள். இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

ஓட்டும் முறையை மாற்ற வேண்டுமா?

முதல் நாள் பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. கார் கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தி அணைத்துவிட்டேன். ‘ரெடி’ என்ற பச்சை விளக்கு எரிந்தாலே கார் ஓடத் தயார் என்று பழக இரண்டு நாள் ஆயிற்று. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: சத்தம் இல்லை என்பதால் அணைக்காமலே இறங்கிப் போய்விடலாம். இறங்கும் முன் அந்த விளக்கைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பிரேக்கை முன்கூட்டியே, மென்மையாக, நீளமாக மிதியுங்கள். சட்டென்று அழுத்தினால் சாதாரணப் பிரேக் தட்டுகள் பிடித்துக்கொள்ளும், மின்சாரம் குறைவாகவே திரும்பி வரும். சிக்னலில் நிற்கும்போது ‘என்’ (நியூட்ரல்) நிலைக்கு மாற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல ஹைபிரிட்களில் அந்த நிலையில் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஆக்சிலரேட்டரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: முட்டையை மிதிப்பதுபோல் மிதிக்க வேண்டும் என்பார்கள். தேவையில்லை. தேவையான வேகத்தைத் தயங்காமல் எட்டிவிட்டு, பிறகு காலைத் தளர்த்துங்கள். என்ஜின் அணைந்து மோட்டார் எடுத்துக்கொள்ளும்.

மெதுவாகப் போகும்போது பாதசாரிகளுக்குக் கார் வருவது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய ஹைபிரிட், மின்கார்களும் குறைந்த வேகத்தில் ஓர் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அது இருக்காது. வாகன நிறுத்துமிடத்தில் உங்கள் கண்தான் காவல்.

பராமரிப்புச் செலவு கூடுமா?

எனக்குக் குறைந்திருக்கிறது. பிரேக் தட்டுகள் மிக மெதுவாகத் தேய்கின்றன. டொயோட்டா வகை ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. அந்த வேலையை மோட்டார்களே செய்கின்றன. எஸ்யூவியின் பெரிய டயர்களோடு ஒப்பிட்டால் இதன் டயர் விலையும் குறைவு.

கவனிக்க வேண்டியவை வேறு. பிரேக் அதிகம் வேலை செய்யாததால் தட்டில் துரு ஏறலாம். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் குளிர்விப்பு நீர் இருக்கும் கார்களில் அதையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். பெரிய பேட்டரியைத் தவிர வழக்கமான 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. சில வாரங்கள் ஓட்டாமல் நிறுத்தினால் முதலில் சாவது அதுதான். அது செத்தால் கணினி விழிக்காது, கணினி விழிக்காவிட்டால் கார் கிளம்பாது. ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளை நீங்களும் தொடக் கூடாது, பயிற்சி இல்லாத மெக்கானிக்கும் தொடக் கூடாது.

ஹைபிரிட் எஸ்யூவியே வாங்கினால் போதாதா?

சிலருக்குப் போதும். நோட்டுக் கணக்கில் இடமும் உயரமும் உண்மையாகவே தேவை என்று வந்தவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அதே ஹைபிரிட் பாகங்கள் தாழ்வான, எடை குறைந்த காரில் இன்னும் அதிகம் மிச்சம் பிடிக்கும். நடுத்தர அளவுள்ள ஹைபிரிட் எஸ்யூவியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எங்கள் 71 தனிப் பயணங்களுக்கு அது இன்னும் பெரிது என்று தோன்றியது.

அப்படியானால் முழு மின்காருக்கே போயிருக்கலாமே?

வீட்டிலேயே சார்ஜ் போட இடமிருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். நாங்கள் இருப்பது அடுக்குமாடியில். எங்கள் நிறுத்துமிடத்துக்கு மின்கம்பி இழுக்க அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி கிடைக்கும் நாளில் எங்கள் அடுத்த காரும் மாறும்.

யாருக்கு இந்த மாற்றம் வேண்டாம்?

கனமான டிரெய்லரை இழுப்பவர்களுக்கு வேண்டாம். பல ஹைபிரிட் கார்களின் இழுதிறன் குறைவு, சிலவற்றில் இழுக்கவே அனுமதி இல்லை. ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்களுக்கு எரிபொருள் மிச்சம் மிகச் சிறியது. இருக்கும் வண்டியையே பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம். நான்காம் மாதமே கடன் கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்தும் வாங்கக் கிளம்புபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். மிச்சமாகும் பெட்ரோல் வட்டிக்குப் போய்ச் சேரும்.

பயன்படுத்திய ஹைபிரிட் வாங்கலாமா?

வாங்கலாம், பேட்டரியின் உடல்நிலை அறிக்கையோடு. கருவியை இணைத்துத் தொகுதிகளின் மின்னழுத்தத்தைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்; ஒன்று மட்டும் மற்றவற்றைவிட விலகியிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அந்தக் காற்றுத்துளையின் வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது அதில் தெரிந்துவிடும்.

சோதனை ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

காலியான அகலச் சாலையில் ஓட்டிக் காட்டுவார்கள். நீங்கள் நெரிசலான நேரத்தைக் கேளுங்கள். பிரேக்கை மெல்ல மிதித்து நிற்கும் கடைசி சில அடிகளில் கவனம் வையுங்கள். மோட்டாரின் பிடி விலகி வழக்கமான பிரேக் பிடிக்கும் அந்த இடத்தில் சில கார்கள் லேசாகக் குலுங்கும். ஏற்றத்தில் முழுக் குடும்பத்தோடு ஏறிப் பாருங்கள்; கியர் மாறாமல் என்ஜின் ஒரே சுருதியில் உரக்க முழங்குவது சிலருக்குப் பிடிப்பதில்லை. என் மனைவிக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு காரை ஓரமாக நிறுத்தி, அணைக்காமல், ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் பின்னிருக்கையில் உட்காருங்கள். முழங்கால் இடிக்கிறதா, பேட்டரியின் விசிறிச் சத்தம் காதுக்கு உறுத்துகிறதா, என்ஜின் எத்தனை முறை தானாக எழுந்து அடங்குகிறது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். அந்த இடத்தில் நீங்கள் உட்காரப் போவதில்லை. உங்கள் வீட்டார் பல ஆண்டுகள் உட்காரப் போகிறார்கள்.